மூக்குத்தித் துளை பழுதானால் வெட்கம் வேண்டாம், வைத்தியம் உண்டு

ஒருவர் நாலு பேர் முன்னால் அவமானப்பட்டால் "மூக்கறுபட்டுப் போனார்" என்கிறோம். சூர்ப்பனகையின் கதையிலிருந்து லயத்துச் சண்டை வரை நம் பேச்சில் மூக்கு என்றால் மானம்தான். காதும் அப்படியே. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்தி, உறவைக் கூட்டிக் காது குத்துகிறோம். இதனால்தானோ என்னவோ, மூக்குத்தித் துளை சீழ் பிடித்தாலும், தோட்டின் பாரத்தால் காது அறுந்து இரண்டாகப் பிளந்தாலும், நம் பெண்கள் பலர் அதை வைத்தியரிடம் காட்டுவதில்லை. முந்தானையாலும் கொங்காணியாலும் மறைத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்கள். "இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போறது? அழகு பாக்குற வயசா எனக்கு?" என்று சொல்லியே வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள்.

சகோதரிகளே, சீழ் பிடித்த மூக்கும் அறுந்த காதும் காயங்கள். கையில் கவ்வாத்துக் கத்தி பட்டால் வைத்தியம் செய்வது போல இதற்கும் வைத்தியம் செய்ய வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. என்ன பழுதுக்கு என்ன வழி, எங்கே போவது, வீட்டுக்கு வந்தபின் எப்படிக் கவனிப்பது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

துளை பழுதாவது எப்படி?

தேயிலை மலையில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தலை ஓயாது. காலைப் பனிக்குக் கம்பளி, மழைக்குக் கொங்காணி, அதற்கு மேல் கொழுந்துக் கூடையின் கயிறு. கூடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கம்பளி நூலிலோ துணியிலோ மூக்குத்தியும் தோடும் மாட்டி இழுபடும். புதிதாகக் குத்திய துளை ஒவ்வொரு இழுப்புக்கும் சிறிது கிழிந்து, ஆறி, மறுபடி கிழியும். கொழுந்துக் கறையும் மண்ணும் உரமும் பட்ட கையால் அதைத் தொடுவதும் உண்டு. கைப்பிள்ளை இழுத்துவிடுவதும் உண்டு. பாரமான தோட்டை வருடக்கணக்காக அணிந்தால் துளை மெல்ல மெல்ல நீண்டு, ஒருநாள் மடலின் அடிவரை பிளந்துவிடும்.

அடுத்தது குத்தும் முறை. திருவிழாக் கடையிலும் நகைக்கடை வாசலிலும் ஒரே ஊசியால் பலருக்குக் குத்தினால் புண் மட்டுமல்ல, மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தொற்ற இடமுண்டு. துப்பாக்கி போன்ற கருவியால் மூக்கைக் குத்தக் கூடாது. அது சதையை நசுக்கும். அதன் பிளாஸ்டிக் பாகங்களைக் கொதிநீராவியில் கிருமி நீக்கவும் முடியாது.

மூன்றாவது காரணம், வெளியே சொல்லத் தயங்கும் காரணம். அடிதடியில் காது அறுபடுகிறது. நகைப் பறிப்பில் அறுபடுகிறது. வீட்டுக்குள் கணவனின் கையால் அறுபடுகிறது. இதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

போர் விட்டுப்போன வெறுந்துளை

1983 ஜூலையில் கொழும்பிலும் நுவரெலியா, கண்டி, பதுளை போன்ற மலையக நகரங்களிலும் வன்முறை நடந்தபோது, தமிழர் என்று தெரியாமலிருக்கப் பெண்கள் பொட்டை அழித்தார்கள், நகைகளைக் கழற்றி மறைத்தார்கள். அதற்கு முன் 1977 வன்முறைக்குப் பயந்தும் 1983க்குப் பிறகும் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. அங்கும் போர் அவர்களைத் தேடி வந்தது. 2009 மே மாதம் போர் முடியும்வரை இடம்விட்டு இடம் ஓடியபோது, ஒரு பிடி அரிசிக்கும் பால்மாவுக்கும் நகையைக் கொடுத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அடகுக்குப் போய்த் திரும்பி வராத தோடுகளுக்குக் கணக்கில்லை.

அதன்பின் காதிலும் மூக்கிலும் வெறுந்துளைதான். மூக்குத் துளை நகை இல்லாவிட்டால் சில வாரங்களிலேயே உட்பக்கமாக மூடத் தொடங்கும். வெளியே புள்ளி தெரியும், உள்ளே வழி அடைத்திருக்கும். மகளின் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஒரு மூக்குத்தி கிடைக்கும்போது, பழைய துளைதானே என்று அழுத்திக் குத்துகிறார்கள். அது உள்சதையைக் கிழித்துக்கொண்டு போகிறது. பிறகு வீக்கம், சீழ், காய்ச்சல். பல வருடம் வெறுமையாய் இருந்த துளையைப் புதிய துளையாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வலியில்லாமல் தானாக நுழையாத நகையை ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

கிழிந்தது ஏன் தானாக ஒட்டுவதில்லை?

"விட்டால் சேர்ந்துவிடும்" என்று காத்திருப்பவர்கள் பலர். அன்றே அறுந்த பச்சைக் காயம் வேறு, ஆறிப்போன பிளவு வேறு. பச்சைக் காயத்தின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் அறுந்த அன்றே வைத்தியசாலைக்குப் போனால் அன்றே தைத்துவிடுவார்கள். நாளாகிவிட்டால் இரு ஓரங்களின் மேலும் தோல் வளர்ந்து மூடிவிடும். தோலும் தோலும் ஒட்டாது, இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டி வைத்தாலும் ஒட்டாதது போல. கடைப் பசையும் ஒட்டாது, பத்துப் போட்டாலும் ஒட்டாது. அந்த ஓரத் தோலை மெல்லியதாகச் சீவி எடுத்து, மீண்டும் பச்சைக் காயமாக்கித் தைப்பதே வழி.

இது மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமை அல்ல. பழைய இந்திய வைத்திய நூலான சுஸ்ருத சங்கிதையில் காது குத்தும் முறையும், அறுந்த காது மடலைச் சேர்க்கும் பதினைந்து வகை முறைகளும் சொல்லப்பட்டுள்ளன. அறுபட்ட மூக்கை மீளச் செய்யும் முறையும் அதில் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூக்கறுக்கப்பட்ட கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, இந்தியாவின் பூனா நகரில் நெற்றித் தோலை எடுத்து மூக்குச் செய்தார்கள். 1794 அக்டோபரில் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் அச்செய்தி வெளியானது. அதைப் படித்தறிந்த கார்ப்பியூ என்ற ஆங்கிலேய வைத்தியர் 1814இல் இலண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். நம் தோட்டத்து மூதாதையர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும், பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தோள்வரை காது வளர்த்த பெண்கள் சிலர், பிற்காலத்தில் வைத்தியசாலைக்குப் போய் மடலைச் சிறிதாக்கித் தைத்துக்கொண்டார்கள்.

எந்தப் பழுதுக்கு என்ன வழி?

சீழும் வீக்கமும்: துளையைச் சுற்றிச் சிவந்து, சுட்டு, மஞ்சள் சீழ் வந்தால் அது கிருமித் தொற்று. அவசரப்பட்டு மூக்குத்தியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். மேல்துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளே தங்கிக் கட்டியாகலாம். கழற்றுவதா வைப்பதா என்பதை வைத்தியர் சொல்லட்டும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தந்தால், வலி நின்றதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை குடித்து முடியுங்கள். காதின் மேற்பகுதிக் குருத்தெலும்பில் குத்திய துளை வீங்கினால் தாமதிக்கவே கூடாது. குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும்.

அரிப்பும் நீர்வடிதலும்: சீழில்லாமல் அரித்து, செதிலாகி, தெளிந்த நீர் வடிந்தால் பெரும்பாலும் அது உலோக ஒவ்வாமை. மலிவான கவரிங் நகைகளில் கலந்திருக்கும் நிக்கல் இதற்கு முக்கிய காரணம். எவ்வளவு மருந்து பூசினாலும் அந்த நகை இருக்கும்வரை ஆறாது.

துளையோரத்தில் சிவந்த சிறு முண்டு: தொட்டால் இரத்தம் கசியும் மெல்லிய சதைமுண்டு மூக்குத் துளையில் அடிக்கடி வரும். நகை உரசுவதால் வருவது இது. சரியான அளவு நகையும் உப்புநீர்க் கவனிப்பும் பலருக்குப் போதும். ஆறாவிட்டால் வைத்தியர் மருந்திட்டுக் கருக்குவார்.

வளரும் தழும்பு: காயம் ஆறி மாதங்களுக்குப் பின் கெட்டியாக, காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும் தழும்பை வைத்தியர்கள் கீலொயிட் என்பார்கள். நம்மைப் போன்ற கரிய, மாநிறத் தோலில் இது கூடுதலாக வரும். குடும்பத்திலும் தொடரும். இதை வெறுமனே வெட்டினால் பெரும்பாலும் மீண்டும் வளரும், சிலவேளை முன்னையதைவிடப் பெரிதாக. தழும்புக்குள்ளேயே ஸ்டெரொயிட் ஊசியைச் சில வார இடைவெளியில் பலமுறை போடுவது வழக்கமான சிகிச்சை. பொறுமை தேவை. முடியோ நூலோ கட்டி அறுக்க முயலாதீர்கள்.

உள்ளே புதைந்த மூக்குத்தி: வீக்கத்தில் தலையோ சுரையோ சதைக்குள் புதைந்துவிட்டால் ஊக்கு ஊசியால் தோண்ட வேண்டாம். விறைப்பு ஊசி போட்டுச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். தளர்ந்த சுரையைக் கவனியுங்கள். தூக்கத்தில் கழன்ற மூக்குத்திச் சுரை மூச்சுக்குழாய்க்குள் போய், மாதக்கணக்கில் இருமலால் அவதிப்பட்ட பெண்களைப் பற்றி இந்திய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கோணலான துளை: மிக மேலேயோ மிக ஓரத்திலோ குத்திவிட்டார்கள் என்றால், அதைப் பெரிதாக்கியோ இழுத்தோ நேராக்க முடியாது. நகையைக் கழற்றி, துளை மூடி நன்கு ஆறவிட வேண்டும். சுமார் மூன்று மாதம் பொறுத்து, தழும்பில்லாத நல்ல தோலில் புதிதாகக் குத்தலாம்.

பிளந்த காது, பிளந்த மூக்கு: விறைப்பு ஊசி போட்டு, ஓரம் சீவித் தைப்பார்கள். காது மடலுக்கு ஏறக்குறைய அரை மணி நேர வேலை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். முகத்துத் தையலை ஐந்தாறு நாளிலும் காது மடலின் தையலை ஏழு முதல் பத்து நாளிலும் பிரிப்பது வழக்கம்.

எங்கே போவது?

முதலில் தோட்ட டிஸ்பென்சரியிலோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டுங்கள். ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய அதன் 150 கட்டில் கொண்ட புதிய கட்டிடம் 2017 மே 12இல் திறக்கப்பட்டது. நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை. மூக்கின் பெரிய பிளவு, பெரிய தழும்பு என்றால் கண்டி தேசிய வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். உயிர் ஆபத்தில்லாத சிகிச்சை என்பதால் முறை வரும்வரை காத்திருக்க நேரலாம். திகதி தந்தால் தவறவிடாதீர்கள்.

கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும். அதனால் திகதி கிடைத்ததும் கணக்குப்பிள்ளைக்கும் தோட்டத்துச் சேமநல உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். தையல் பிரிக்க மறுபடி தூரம் போகாமல், அருகிலுள்ள வைத்தியசாலையில் பிரிக்கலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மொழி தெரியாதென்று பின்வாங்க வேண்டாம். சிங்களத்தில் மூக்கு "நஹய", காது "கன", வலிக்கிறது "ரிதெனவா". இந்த மூன்று சொல்லும் கைச்சாடையும் முதல் வாசலைக் கடக்கப் போதும். தமிழ் தெரிந்த தாதியரை அழைத்துத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

வைத்தியரிடம் சொல்ல மறக்கக் கூடாதவை: சீனி வருத்தம், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, முன்பு வளர்ந்த தழும்பு, ஏற்புவலி ஊசி கடைசியாகப் போட்ட காலம். போரில் பட்ட ஷெல் துண்டு உடலில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுக்க நேர்ந்தால் அது முக்கியம்.

அடியால் அறுந்த காதென்றால் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் "மிதுரு பியச" எனப்படும் நட்பு நிலையம் இருக்கிறது. வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்கள் அங்கே தனியாக, இரகசியமாகப் பேசலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின்

தைத்த காயத்தை முதல் இரண்டு நாள் நனைய விடாதீர்கள். வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி நடவுங்கள். தலையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறையும். வலிக்குப் பனடோல் போதும்.

சீழ் ஆறிவரும் துளைக்கும் புதுத் துளைக்கும் உப்புநீர் நல்லது. கொதித்து ஆறிய நீர் ஒரு கோப்பை, உப்பு கால் தேக்கரண்டி. உப்பு கூடினால் தோல் எரியும். சுத்தமான துணியை அதில் நனைத்து, காலையிலும் இரவிலும் ஐந்து நிமிடம் ஒற்றி வையுங்கள். அதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பொருக்கை நகத்தால் கிள்ளாதீர்கள்.

மஞ்சள், சாம்பல், பற்பசை, சுட்ட எண்ணெய் எதையும் திறந்த புண்ணில் அப்ப வேண்டாம். துளை மூடாமலிருக்க ஈர்க்கும் வேப்பங்குச்சியும் செருகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதன் சிம்பு உள்ளே உடைந்து தங்கினால் புண் ஆறவே ஆறாது.

மலைக்கு இறங்கும்போது கம்பளிக்குள்ளே மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டுங்கள். நூல் மாட்டாது. உரம், களைக்கொல்லி வேலையை ஆறும்வரை வேறொருவருடன் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அடுப்புப் புகையில் நெடுநேரம் முகத்தைக் காட்டாதீர்கள். முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை சாப்பிட்டால் காயம் கூடாது என்பது தவறான எண்ணம். புதுச் சதை வளர இவைதான் தேவை. வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலை காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஆறும் காலம் ஆளுக்கு ஆள் மாறும். காது மடல் துளைக்கு ஆறு முதல் எட்டு வாரம். மூக்குத் துளைக்கு இரண்டு முதல் நாலு மாதம், சிலருக்கு இன்னும் கூடும். தைத்த இடம் மூன்று வாரத்தில் ஆறியதாகத் தெரிந்தாலும், அப்போது பழைய தோலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்கு இருக்காது. தழும்பு மங்க ஒரு வருடம்வரை செல்லலாம். எனவே தைத்த காதில் அவசரப்பட்டுத் தோடு போடாதீர்கள். வைத்தியர் பார்த்துச் சொன்னபின், பொதுவாக இரண்டு மூன்று மாதம் கழித்து, தையல் கோட்டில் இல்லாமல் சற்றுத் தள்ளிக் குத்துங்கள். பாரமற்ற சிறு தோடே போதும்.

உடனே வைத்தியசாலைக்கு:

• காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால்
• வீக்கம் கன்னத்துக்கோ கண்ணுக்கோ பரவினால்
• தலையிடியோடு பார்வை மங்கினால்
• இரத்தம் பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால்
• தையல் விட்டுப்போனால்
• வாய் திறக்க முடியாமல் தாடை இறுகினால்

மூக்கின் மேலுள்ள கட்டியைப் பிதுக்காதீர்கள். அந்த இடத்து இரத்தக் குழாய்கள் மூளையருகே செல்பவை. அரிதாக என்றாலும், தொற்று அந்த வழியே பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறுபடி மூக்குத்தி போடுவதா?

இந்தக் கேள்விக்கு வைத்தியர் பதில் சொல்ல முடியாது. கணவனைப் போரில் இழந்த பெண் பூவும் பொட்டும் போலவே மூக்குத்தியையும் கழற்ற வேண்டும் என்று சில குடும்பங்களில் சொல்வார்கள். காணாமல் போனவர் வருவாரென்று காத்திருக்கும் பெண்ணைப் பார்த்து, "இன்னும் எதுக்கு இவளுக்கு இது?" என்றும் கேட்பார்கள். சிறுமியாக இருந்தபோது அவளுடைய அம்மா குத்திவிட்டது அந்த மூக்குத்தி. கணவன் கொண்டுவந்ததல்ல. அதைப் போடுவதும் விடுவதும் அவள் விருப்பம்.

போட விரும்பாதவர்களும் புண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். துளையை நன்கு ஆறவிட்டு மூடிக்கொள்ளலாம். போட விரும்புகிறவர்கள் துளை ஆறும்வரை பொறுத்து, புது ஊசியால், சுத்தமான கையால் குத்திக்கொள்ளுங்கள். உங்கள் லயத்தில் துணியால் காதை மூடிக்கொண்டு திரியும் அக்காவோ அம்மாவோ இருந்தால், இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக் நாளில் துணைக்கு நீங்களும் போய்வாருங்கள்.